கோட்டுக்குக் கிடைத்த அங்கீகாரம்

வருகைப் பதிவேட்டைப் பிழிந்ததும் நீலத் தண்ணீர் கொட்டியது. பன்னிரண்டு இருதய நிபுணர்களின் இரண்டு நாள் கையெழுத்தும் அந்தத் தண்ணீரில்தான் இருந்தது. பால்வண்ணநாதன் குனிந்து தன் வேட்டியைப் பார்த்தார். கையெழுத்தெல்லாம் அங்கே பத்திரமாக இறங்கியிருந்தது.

"என்னவே, நல்ல மையா வாங்கப்பிடாதா?" என்று கேட்டார் டாக்டர் தளவாய். இடுப்பில் ஒரு துண்டும் உடம்பெல்லாம் எண்ணெயுமாக, பேரருவிக்குள் பாதியும் வெளியே பாதியுமாக நின்றுகொண்டிருந்தார். தென்காசி வட்டார மருத்துவர் மன்றத்தின் தலைவர் அவர்தான். பால்வண்ணநாதன் அந்த மன்றத்தின் ஒரே குமாஸ்தா.

"மை நல்ல மைதான் சார். பதிவேட்டை அருவிக்குக் கொண்டாந்ததுதான் தப்பு."

"கொண்டாராட்டா நாங்க எப்படிவே கையெழுத்துப் போடுதது? வகுப்புக்கா வர முடியும்? தண்ணி விழுதுல்லா!"

தண்ணீர் விழத்தான் செய்தது. அறுபத்திரண்டாம் வருஷத்து ஆனி மாதம் அது. முந்தின வருஷம் ஏமாற்றிய சாரல் இந்த வருஷம் வட்டியும் முதலுமாக வந்திருந்தது.

டாக்டர்கள் படித்து முடித்த பிறகும் படித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று சென்னையில் சிலர் கூடி முடிவு செய்து, அதற்கென்று ஒரு குழுவும் போட்டிருந்தார்கள். எந்த ஊரில் வகுப்பு நடந்தாலும் குழு அதை அங்கீகரித்தால்தான் சான்றிதழ் செல்லும். தளவாய் உடனே, 'இருதய நோயில் மேற்பயிற்சி, மூன்று நாள், இடம்: குற்றாலம்' என்று சுற்றறிக்கை விட்டார். இருதய நிபுணர்களுக்குத் திடீரென்று படிப்பில் அப்படியொரு ஆசை வந்துவிட்டது. மதுரையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் மனைவி மக்களோடு வந்து இறங்கினார்கள். இதையே சித்திரை வெயிலில் கோவில்பட்டியில் நடத்தியிருந்தால் எத்தனை பேர் வந்திருப்பார்கள் என்று கேட்பது அநாகரிகம்.

முதல் நாள் குத்துவிளக்கு ஏற்றியதும், மாலை போட்டதும், போட்டோ எடுத்ததும் நன்றாகவே நடந்தன. போட்டோக்காரர் கறுப்புத் துணியை மடித்து வைப்பதற்குள் வகுப்பு நடக்கவிருந்த சத்திரத்துக் கூடம் காலியாகிவிட்டது. அன்று முதல் காலையில் வகுப்புக்குப் போவதாக வீட்டம்மாக்களிடம் சொல்லி, கோட்டும் டையுமாகக் கிளம்புகிற பன்னிரண்டு பேரும் நேரே பேரருவிக்குப் போனார்கள். அவர்களில் ஒருவரும், பாடம் நடத்த வேண்டியவருமான தளவாய் எல்லாருக்கும் முன்னால் போனார்.

கூடத்தில் மிஞ்சியது பால்வண்ணநாதனும் ஐம்பது நாற்காலிகளும்தான். ஐந்தருவிப் பாதையில் சாயாக்கடை வைத்திருக்கும் ஹைருன் பீவி, விலை பேசி ஒப்புக்கொண்டபடி காலையும் மாலையும் பெரிய தூக்குவாளியில் காப்பி கொண்டுவந்தாள். குடிக்க ஆளில்லாமல் திருப்பிக் கொண்டுபோனாள்.

"டாக்டருமாரு எல்லாம் எங்கன அண்ணாச்சி?"

"படிக்காக."

"எங்கன?"

"தண்ணிக்குள்ள."

சிரிப்புக் கதையாக இதை மற்றவர்கள் சொல்லிக்கொள்ளலாம். பால்வண்ணநாதனுக்கு இது பிழைப்பு. ஆறு வருஷமாக அவர் தற்காலிகக் குமாஸ்தா. ஒவ்வொரு சித்திரையிலும், 'மேலும் ஓராண்டுக்கு' என்று ஒரு தாள் வரும். மச்சினன் ரயில்வேயில் நிரந்தரம். அவன் தீபாவளிக்கு வரும்போதெல்லாம், "டெம்பரவரி அத்தான் எப்படி இருக்காக?" என்று வாசலிலேயே விசாரிப்பான். இந்த முறை தளவாய் கறாராகச் சொல்லியிருந்தார்: "அங்கீகாரம் வந்தா நீர் நிரந்தரம். வராட்டா மன்றத்தையே இழுத்து மூட வேண்டியதுதான். மன்றமே இல்லன்னா குமாஸ்தா எதுக்குவே?"

பதிவேட்டில் கையெழுத்து இல்லாவிட்டால் அங்கீகாரம் வராது. அதனால்தான் அதை அருவிக்குக் கொண்டு போனார். கையெழுத்து இப்போது வேட்டியில் இருந்தது.

அன்று சாயங்காலம் தென்காசியில் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, புதுப் பதிவேடு ஒன்றில் பன்னிரண்டு பேரின் கையெழுத்தையும் அவரே போட்டார். மனைவி அகிலாண்டேஸ்வரி எட்டிப் பார்த்தாள்.

"என்ன இது, முத்து முத்தா இருக்கு? டாக்டர் கையெழுத்துன்னா வாசிக்க முடியப்பிடாது. இதை எங்க அம்மைகூட வாசிச்சிருவா."

அவள் சொன்னது நியாயம். அந்தத் தாள்களைக் கிழித்துவிட்டு, இடது கையால் முதலிலிருந்து போட்டார்.

"இப்ப எப்படி?"

"இப்ப வாசிக்க முடியல. ஆனா பன்னிரண்டு பேரும் ஒரே ஆளுன்னு தெரியுது."

மறுபடியும் தாளைக் கிழிக்கக் கை வைத்தபோது தந்திச் சேவகர் வாசலில் மணி அடித்தார். சென்னையிலிருந்து தந்தி. குழுவின் ஆய்வாளர் மறுநாள் காலை பதினொரு மணிக்கு வகுப்பை நேரில் பார்வையிடுகிறார்.

பால்வண்ணநாதன் இரண்டு தடவை படித்துவிட்டு, தளவாய்க்கு ஆள்விட்டுச் சொன்னார். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிடலாம், நாற்காலியில் எதைப் போடுவது?

மறுநாள் ஒன்பதரை மணிக்கு அவர் பேரருவிக் கரையில் நின்றார். தண்ணீர் முந்தின நாளைவிட இரண்டு மடங்கு. தளவாயை நோக்கிக் கையை ஆட்டி, தொண்டை கிழியக் கத்தினார். தளவாயும் வெகு உற்சாகமாகப் பதிலுக்குக் கையை ஆட்டினார். மற்ற நிபுணர்களும் ஆட்டினார்கள். ஒருவரும் வெளியே வரவில்லை. உள்ளே போய் இழுத்துவரலாமென்றால் இடையில் முந்நூறு பேர் நின்றார்கள்.

கரைப் பாறையில் எண்ணெய் தேய்க்கிறவர்கள் பன்னிரண்டு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். குற்றாலத்தில் இது ஒரு வழக்கம். எண்ணெய் தேய்த்துவிட்டவரிடமே சட்டை, கடிகாரம், கண்ணாடி எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு அருவிக்குள் போகலாம். திரும்பி வரும்வரை அவர் காவல் இருப்பார். ஒரு பொத்தான்கூடக் காணாமல் போகாது. ஆகவே ஒவ்வொருவர் மடியிலும் மடித்த ஒரு கோட்டு, ஒரு கால்சட்டை, ஒரு டை, சிலரிடம் நெஞ்சொலி கேட்கும் குழாய்.

பால்வண்ணநாதன் கோட்டுகளைப் பார்த்தார். ஆட்களைப் பார்த்தார். மறுபடி கோட்டுகளைப் பார்த்தார். ஆறு வருஷத் தற்காலிகம் ஒரு மனிதனுக்கு எவ்வளவு தைரியத்தைக் கொடுக்கும் என்பது அதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

"மாடா," என்றார், தளவாயின் கோட்டை வைத்திருந்தவனிடம். "ஒரு மணி நேரம் நாற்காலில உக்காந்திருக்கணும். வடையும் காப்பியும் உண்டு. வருதியா?"

"உக்காருததுக்கா வடை?" மாடன் நம்பவில்லை. "வேற என்ன அண்ணாச்சி செய்யணும்?"

"இந்தக் கோட்டைப் போட்டுக்கணும். வாயைத் திறக்கப்பிடாது. அப்பப்ப தலைய ஆட்டணும்."

"டாக்டரு வந்து கேட்டா?"

"டாக்டரு மத்தியானத்துக்கு முன்ன வெளிய வந்திருக்காரா?"

இல்லை என்பது மாடனுக்குத்தான் நன்றாகத் தெரியும். பன்னிரண்டு பேரும் எழுந்தார்கள்.

கூடத்துக்குப் போகிற வழியில் பால்வண்ணநாதன் இன்னொரு கட்டளையும் போட்டார். கடைத்தெருவிலிருந்து யாராவது ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, ஏலே நீயா என்று கேட்டுவிட்டால் குடி முழுகிவிடும் என்ற பயம் அவருக்கு.

"யாரு வந்தாலும் தெரிஞ்ச மாதிரி காட்டப்பிடாது. சொந்த அப்பனே வந்தாலும் சரி. புரிஞ்சுதா?"

புரிந்தது என்று பன்னிரண்டு பேரும் தலையை ஆட்டினார்கள். இப்போதே பழக ஆரம்பித்துவிட்டார்கள்.

கோட்டுப் போட்டு, டையைக் கட்டத் தெரியாமல் முடிச்சுப் போட்டு உட்கார்ந்ததும் அவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. எண்ணெய் வாசனை மட்டும் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. சீசனில் குற்றாலத்தில் எண்ணெய் வாசனை இல்லாதவனைத்தான் சந்தேகப்பட வேண்டும் என்று பால்வண்ணநாதன் மனதைத் தேற்றிக்கொண்டார். பாடம் நடத்த ஆளில்லை. தளவாயின் உரையைத் தட்டச்சு அடித்தவர் அவரே என்பதால் தாளை எடுத்துக்கொண்டு அவரே மேடையேறினார்.

பதினொரு மணிக்குச் சரியாக ஆய்வாளர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். கறுப்புக் கோட்டு தோளில் கொஞ்சம் தொளதொளவென்றிருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கூடத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே வந்தார். கல்விக்கு இப்படி மரியாதை கொடுக்கிற அதிகாரியும் இந்தக் காலத்தில் இருக்கிறாரே என்று பால்வண்ணநாதனுக்கு நெகிழ்ந்துவிட்டது.

முன்வரிசையில் இருந்த மாடன் ஆய்வாளரைப் பார்த்ததும் பாதி எழுந்தான், வாயைத் திறந்தான். பால்வண்ணநாதன் மேடையிலிருந்து முறைத்தார். மாடன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து, தலையை ஆட்டினான். மீதிப் பதினொரு பேரும் ஆட்டினார்கள்.

"வரணும் சார், வரணும். இன்னிக்கு மாரடைப்பைப் பத்தி நடத்திக்கிட்டிருக்கோம்."

"நல்லது," என்றார் ஆய்வாளர்.

"இவங்க எல்லாரும் இந்தப் பகுதியிலே பேர்பெற்ற இருதய நிபுணர்கள்."

ஆய்வாளர் ஒவ்வொருவர் முகத்தையும் நிதானமாகப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் கண் விரிந்தது. பிறகு அடக்கமாக, "குறித்துக்கொள்கிறேன்," என்றார். ஆனால் எதையும் குறிக்கவில்லை. பெரிய அதிகாரிகள் மனதிலேயே குறித்துக்கொள்வார்கள் போலிருக்கிறது.

"மேலே நடத்தட்டுமா சார்?"

"தொடரட்டும்."

பால்வண்ணநாதன் தொடர்ந்தார். ஹைருன் பீவி காப்பியோடு வந்தாள். முன்வரிசையைப் பார்த்தாள், ஆய்வாளரைப் பார்த்தாள், தூக்கைக் கீழே வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே ஓடினாள். அரசாங்க அதிகாரி முன்னால் இப்படியா என்று பால்வண்ணநாதனுக்குக் கோபம் வந்தது. அவளை அப்புறம் கவனிக்கலாம் என்று உரையின் மூன்றாம் பக்கத்துக்குப் போனார்.

மூன்றாம் பக்கத்தின் நடுவில்தான் வாசல் இருட்டியது. இடுப்பில் ஈரத் துண்டோடு தளவாய் நின்றார். அவருக்குப் பின்னால் ஈரத் துண்டோடு பதினொரு பேர். வரலாற்றில் முதல்முறையாக அவர்கள் மத்தியானத்துக்கு முன்னால் அருவியிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். பசித்திருக்கும்.

"ஓய் பால்வண்ணம்! எங்க கோட்டெல்லாம் எங்கவே?"

கேட்டு முடிப்பதற்குள் முன்வரிசையில் தன் கோட்டையே பார்த்துவிட்டார். அப்புறம் அதற்கு அருகே உட்கார்ந்திருந்த ஆய்வாளரையும் பார்த்தார். நேற்றுப் பால்வண்ணநாதன் ஆள்விட்டுச் சொன்ன தந்தி விஷயம் அப்போதுதான் அவர் மண்டையில் உறைத்திருக்க வேண்டும். வாய் திறந்தபடியே நின்றது.

ஆய்வாளர் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார்.

பால்வண்ணநாதனின் இருதயம் இரண்டு துடிப்பைத் தவறவிட்டது. கூடத்தில் இருதய நிபுணர்கள் இத்தனை பேர் இருந்தும் யாரும் கவனிக்கவில்லை.

"இவங்க... நோயாளிகள் சார்," என்றார். "செய்முறை விளக்கத்துக்கு வரச் சொல்லியிருந்தோம். நெஞ்சைப் பார்க்கணும்லா, அதான் சட்டையில்லாம..."

ஆய்வாளர் சற்று யோசித்தார்.

"தொடரட்டும்," என்றார்.

அதற்கப்புறம் நடந்ததற்கு யாரும் பொறுப்பில்லை. பன்னிரண்டு நோயாளிகளும் சமுக்காளத்தில் வரிசையாகப் படுத்தார்கள். அங்கீகாரம் வேண்டுமே! பன்னிரண்டு கோட்டுகளும் எழுந்து ஆளுக்கொருவர் பக்கத்தில் உட்கார்ந்தன. குழாயை எந்தப் பக்கம் காதில் வைப்பது என்று மாடனுக்குத் தெரியவில்லை. அதைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டுத் தனக்குத் தெரிந்ததைச் செய்தான். தளவாயின் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து ஓர் அழுத்து அழுத்தினான்.

"அம்மா!" என்றார் தளவாய்.

"இங்கன வலிக்கா?"

"நீ அமுக்குதது வலிக்குலே!"

"வாயு," என்றான் மாடன், ஆய்வாளர் பக்கம் திரும்பி. வாயைத் திறக்கக் கூடாது என்ற கட்டளை அவனுக்கு மறந்தே போய்விட்டது. "தெனமும் மத்தியானம் வரைக்கும் தலைல தண்ணி வாங்குதாரு. மூச்சு வாங்குது, ஆனா வெளிய வர மாட்டேங்காரு. நெஞ்சு படபடன்னு வந்தா அருவிய விட்டு ஒதுங்கணும், உக்காரணும், தலைய நல்லாத் தொடைக்கணும். இவரு யாரு சொன்னாலும் கேக்க மாட்டாரு."

"நல்லது," என்றார் ஆய்வாளர். இந்தத் தடவை அதைச் சொல்லும்போது குரலில் ஒரு தனிப் பிரியம் இருந்தது.

அடுத்த அரை மணி நேரம் கூடத்தில் சதை மேல் கை விழும் சத்தம்தான். மதுரை டாக்டரைக் குப்புறப் போட்டு முதுகில் குத்தினார்கள். கோயம்புத்தூர் டாக்டருக்குக் கழுத்தில் சொடக்கு எடுத்தார்கள். ஆய்வாளர் பொறுக்க முடியாமல் எழுந்து வந்து, ஓரிடத்தில் ஒரு கையைப் பிடித்துச் சற்றுக் கீழே நகர்த்திக் காட்டினார். தொழில் தெரிந்த மனிதர் என்று பால்வண்ணநாதன் வியந்தார்.

முடிந்ததும் பார்வையாளர் புத்தகத்தையும் பேனாவையும் நீட்டினார். ஆய்வாளர் பேனாவைத் தொடவே இல்லை.

"குறித்துக்கொள்கிறேன்," என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, விறுவிறுவென்று போய்விட்டார்.

பால்வண்ணநாதன் நாற்காலியில் சரிந்தார். கையெழுத்துப் போடவில்லை. எல்லாம் தெரிந்துவிட்டது. மனிதர் பெருந்தன்மையால் முகத்துக்கு நேரே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"அண்ணாச்சி," என்று மாடன் வந்தான், "அந்த ஆபீசரு..."

"ஆபீசரைப் பத்தி ஒரு வார்த்தை பேசப்பிடாது! வாயைத் திறக்காதன்னு சொன்னேன், நீ வாயுங்குத, தண்ணிங்குத! போ, கோட்டைக் கழத்து!"

மாடன் போய்விட்டான். தளவாய், மாடன் பிடித்துவிட்ட தன் நெஞ்சைத் தடவிக்கொண்டே, கோட்டை வாங்கி மாட்டினார். "வரட்டும்வே முடிவு. அதுக்கப்புறம் இருக்கு உமக்கு," என்றார்.

முடிவு வர முப்பத்தாறு நாளாயிற்று. அந்த முப்பத்தாறு நாளும் பால்வண்ணநாதன் சரியாகச் சாப்பிடவில்லை. தபால்காரரைக் கண்டால் கொல்லைப்பக்கம் போனார். வேலை போனால் மச்சினன் முன்னால் என்ன பேரோடு நிற்பது? டெம்பரவரி என்ற பேரும் அல்லவா போய்விடும்! அதை நினைத்து ஒருநாள் குளிக்கும் அறையில் அழுதுகூட விட்டார்.

ஆடி கழிவதற்குள் நீளமான உறை ஒன்று வந்தது. தளவாய் படிக்கச் சொல்ல, பால்வண்ணநாதன் உரக்கப் படித்தார்.

'குற்றாலத்தில் நடைபெற்ற மேற்பயிற்சியை எமது ஆய்வாளர் மூன்று நாட்களும் அருகிருந்து கவனித்து அறிக்கை அளித்துள்ளார். உரையோடு நில்லாமல் பன்னிரண்டு நோயாளிகளுக்கு நேரடிச் சிகிச்சையும் அளிக்கப்பட்டதும், அவர்கள் அனைவரும் அன்றே எழுந்து நடந்து சென்றதும் இந்த ராஜ்யத்தில் வேறெங்கும் காணாதது. குறிப்பாக, நீராடும் இருதய நோயாளிகள் பற்றி முன்வரிசை நிபுணர் ஒருவர் அளித்த விளக்கம் அச்சிட்டு எல்லா ஊர்களுக்கும் அனுப்பத்தக்கது. நிரந்தர அங்கீகாரம் வழங்கப்படுகிறது.'

தளவாய் கடிதத்தை வாங்கித் தானும் ஒருமுறை படித்தார். "முன்வரிசை நிபுணர்னா அது என் கோட்டுதானவே?" என்றார்.

"உங்க கோட்டுதான் சார்."

"அப்ப சரி. நான் சொன்னதாவே இருக்கட்டும்." அன்றைக்கே நிரந்தர உத்தரவில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். யாராலும் அதை வாசிக்க முடியவில்லை. அகிலாண்டேஸ்வரி அதைப் பூஜை மாடத்தில் வைத்துவிட்டு, முதல் வேலையாகத் தம்பிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பால்வண்ணநாதன் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனார். சீசன் முழுக்க அருவிக் கரையில் அலைந்தும் அவர் தலை ஒருநாள்கூட நனைந்ததில்லை, பதிவேடுதான் நனைந்தது. கூட்டம் குறைவாக இருக்குமென்று ஐந்தருவிக்குப் போனார். ஹைருன் பீவியின் கடைக்கு எதிரே கல் மேடையில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி அவளிடம் கொடுத்தார்.

"எண்ணெய் தேய்க்க ஆள் உண்டா?"

"இந்தா வருதாரு அண்ணாச்சி," என்றாள். யாரோ கிண்ணத்தோடு வந்து பின்னால் உட்கார்ந்தார். முதுகில் விழுந்த கை நல்ல கை. ஆறு வருஷத்துக் கவலை எலும்பிலிருந்து கழன்று போவது தெரிந்தது. பால்வண்ணநாதனுக்குப் பேசவேண்டும் போலிருந்தது.

"நான் நிரந்தரமாயிட்டேன், பீவி. எல்லாம் அந்த ஆய்வாளர் போட்ட பிச்சை. கோட்டுக்குள்ள யாரு இருக்காங்கன்னு கண்டுக்கவே இல்ல. என்ன மனுசன்! நல்லது, தொடரட்டும், குறித்துக்கொள்கிறேன், இந்த மூணு வார்த்தைக்கு மேல ஒரு வார்த்தை பேசலையே. சாதாரண ஆளுக்கு அந்த அடக்கம் வருமா?"

முதுகில் ஓடிக்கொண்டிருந்த கை சட்டென்று நின்றது. ஹைருன் பீவி அன்றைக்குப் போலவே சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"எதுக்குச் சிரிக்குத? அவரு எந்த ஊருல இருக்காரோ, பார்த்தாக் கால்ல விழுந்துருவேன்."

"விழுகதுன்னா இப்பவே திரும்பி விழுந்துக்கிடுங்க அண்ணாச்சி," என்றாள் ஹைருன் பீவி. "நெசமான ஆபீசரு மூணு நாளும் ஐந்தருவிக்குள்ளேயே நின்னுட்டு, தன் கோட்டை எண்ணெய் தேய்ச்ச ஆளுக்கு மாட்டி அனுப்பிட்டாரு, உங்க முதுகு தேய்க்காருல்லா, இவருதான் என் கடையில உக்காந்து அந்த மூணு வார்த்தையையும் மனப்பாடம் பண்ணிட்டு வந்தாரு!"